சென்னை–லண்டன் பிசினஸ் கிளாஸ்: நேரடியா, வளைகுடா வழியா?

கேள்வி: எங்கள் மேலாளர்கள் அடிக்கடி லண்டன் போகிறார்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் நேரடி விமானம். வளைகுடா நிறுவனங்களான எமிரேட்ஸ், கத்தார் என்றால் நடுவில் விமானம் மாற வேண்டும், ஆனால் கட்டணம் பல நேரம் குறைவு. எதை வைத்து முடிவெடுப்பது?

பதில் 1: முதலில் விமான வகையைப் பாருங்கள். எமிரேட்ஸின் ஏ380 விமானத்தில் ஒரு வரிசைக்கு இருக்கைகள் 1-2-1, எல்லோருக்கும் நடைவழி உண்டு. பழைய போயிங் 777-இல் 2-3-2. நடு இருக்கையில் மாட்டினால் தூக்கம் போச்சு. கத்தாரின் கதவு வைத்த இருக்கையான கியூசூட் எல்லா விமானத்திலும் கிடையாது. சென்னை–வளைகுடா, வளைகுடா–லண்டன் என்ற இரண்டு பகுதிக்கும் இருக்கை வரைபடத்தைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

பதில் 2: மலிவுக் கட்டணத்தின் விதிகளைப் படியுங்கள். எமிரேட்ஸ் 'ஸ்பெஷல்' பிசினஸில் லவுஞ்சும் இல்லை, அழைத்துச் செல்லும் காரும் இல்லை. கூட்டத் தேதி நகரக்கூடிய பயணத்துக்கு தேதி மாற்றும் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தால் மிச்சம் கரைந்துவிடும். தாமத இழப்பீடும் முக்கியம்: பிரிட்டன் சட்டம் பிரிட்டிஷ் ஏர்வேஸை இரு திசையிலும் கட்டுப்படுத்தும், வளைகுடா நிறுவனங்களை பிரிட்டனிலிருந்து கிளம்பும்போது மட்டும்தான்.

பதில் 3: ஜிஎஸ்டியை விட்டுவிடாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பிசினஸ் கிளாஸுக்கு 18%. உள்ளீட்டு வரி வரவு (கட்டிய ஜிஎஸ்டியை நிறுவனம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க, டிக்கெட் போடும்போதே நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுங்கள். பயணியின் பெயரில் மட்டும் பில் வந்தால் வரவு நிற்காது. அந்த பில் மாதாமாதம் 2பி அறிக்கையில் (ஜிஎஸ்டி தளம் தரும் வரி வரவுப் பட்டியல்) வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள்.