கரையில ஒதுங்குற பிளாஸ்டிக் குருணைய ஆராய்ச்சிக்கு அனுப்ப முடியுமா?

குளச்சல்காரன்:
வணக்கம். 2025 மே மாசம் கொச்சிக்கு வெளிய எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்குச்சுல்ல, அதுல இருந்து எங்க குமரி கரை வரைக்கும் ஜவ்வரிசி மாதிரி வெள்ளைக் குருணை வந்து ஒதுங்குச்சு. இப்பவும் மணலைக் கிளறினா கெடைக்குது, மஞ்சளா பழசும் கெடக்கு. பொறுக்கி குப்பையில போடுறதுக்குப் பதிலா ஆராய்ச்சி பண்றவங்களுக்கு ஏதாவது உதவுமா? எனக்கு லேப் படிப்பு கிடையாது, பிளஸ் டூ பசங்க கொஞ்ச பேர் கூட வர்றேங்குறாங்க.

உப்புக்காத்து:
தாராளமா உதவும்ங்க. டோக்கியோல ஹிதெஷிகே தகாடான்னு ஒரு பேராசிரியர் 2005ல இன்டர்நேஷனல் பெல்லட் வாட்ச்னு ஆரம்பிச்சாரு, சாதாரண ஜனங்க அவங்கவங்க கரையில பொறுக்குனதை தபால்ல அனுப்புவாங்க, அங்க லேப்ல சோதிப்பாங்க. பாலிஎத்திலீன்ங்குற பிளாஸ்டிக்ல செஞ்ச குருணை, கடல்தண்ணில இருக்குற பிசிபிங்குற தொழிற்சாலை ரசாயனம், டிடிடிங்குற பூச்சிமருந்து மாதிரி விஷத்தை உறிஞ்சி வச்சுக்கும், அதை சோதிச்சா அந்தப் பக்கத்து தண்ணி எவ்ளோ கெட்டிருக்குன்னு தெரியும். 2009ல வந்த அவங்க கட்டுரையில 17 நாட்டுல 30 கடற்கரை, அத்தனையையும் விஞ்ஞானிங்களே கப்பல்ல சுத்தி அள்ளியிருந்தா செலவு எங்க போயிருக்கும்! அமெரிக்கக் கரையில பிசிபி அதிகம், வியட்நாம்ல டிடிடி அதிகம்னு இதுலதான் தெரிஞ்சுது.

அதனால உங்க மஞ்சள் குருணைதான் பொக்கிஷம், ரொம்ப நாள் கடல்ல கெடந்தது அது. புது வெள்ளையோட கலக்காதீங்க. ஒரு இடத்துல 100-200 எடுத்து அலுமினிய ஃபாயில்ல சுத்தி இடம், தேதி எழுதி வைங்க. அனுப்புறதுக்கு முன்னாடி மெயில் போட்டு கேட்டுக்கோங்க.

பாறைமீன்:
அனுப்பாட்டியும் எண்ணுங்க. அலை ஏறி எறங்குற எடத்துல குப்பை வரிசையா ஒதுங்கியிருக்கும்ல, அதுல ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் போட்டு எண்ணணும். குருணை நெறைய இருக்குற எடமா பாத்து கட்டம் போட்டா கணக்கு தப்பாயிடும், அதனால எடத்தை முன்னாடியே முடிவு பண்ணிட்டு மாசாமாசம் அங்கயே போங்க. ஒண்ணுமே கெடைக்கலன்னா 0ன்னு எழுதுங்க, தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. 2021ல கொழும்புக்கு பக்கத்துல எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிஞ்சப்போ 1,680 டன் குருணை கடல்ல போச்சு, அந்த மாதிரி நேரத்துல முன்னாடி எவ்ளோ கெடந்துச்சுன்னு ஒரு கணக்கு கையில இருந்தாதான் எவ்ளோ கூடுச்சுன்னு அடிச்சு சொல்ல முடியும்.

குளச்சல்காரன்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். கண்ணுக்குத் தெரியாத தூளு, நூலு மாதிரி இருக்குறதையும் நாங்க எடுக்கலாமா?

பாறைமீன்:
அது கொஞ்சம் கஷ்டம். நைலான், பாலியஸ்டர் சட்டையில இருந்து உதிர்ற நூலே நாம எடுக்குற சாம்பிள்ல விழுந்துடும், அதான் பருத்தித் துணி போட்டுட்டு கண்ணாடி பாட்டில்ல எடுப்பாங்க. அது பிளாஸ்டிக்தானான்னு உறுதி பண்ண எஃப்டிஐஆர்னு, அகச்சிவப்பு ஒளிய வச்சு என்ன பொருள்னு கண்டுபிடிக்குற மெஷின் வேணும். பக்கத்து காலேஜ்ல கடல் உயிரியலோ வேதியியலோ சொல்லித்தர்ற சார் யாரையாவது முதல்ல பாருங்க, அவங்க சொல்ற முறையில எடுத்தா வீணாகாது. அதுவரைக்கும் குருணைய எண்ணுங்க.