ஒரு தட்டு, இரண்டு பேர்: சின்னக் கடைகளில் சேர்ந்து சாப்பிட்ட அனுபவங்கள்

மதுரை

சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைப்பதில்லை. ஏழு மணிக்கு வண்டியை எடுத்தோமானால் சாப்பாடு ஒரே கடையில் முடியாது. ஒரு கடையில் ஒரே ஒரு பண்டம், அதிலும் ஒன்றுதான், ஆளுக்குப் பாதி. அரை வயிறோடு எழுந்து அடுத்த கடை. தனியாகப் போனால் இரண்டாவது கடையிலேயே வயிறு நிரம்பிவிடும். நாலு பேராகப் போனால் ஆளுக்கு ஒரு வாய்கூடத் தேறாது. இந்த ஊரின் ராத்திரிக் கடைகளைச் சுற்ற இரண்டு பேர்தான் சரியான கணக்கு என்பது என் கட்சி.

முதலில் முள்ளுமுருங்கை வடை. கல்யாண முருங்கை என்று சொல்வார்களே, அந்த இலையை அரிசியோடு சேர்த்து அரைத்துத் தட்டி எண்ணெயில் போடுவது. பேர்தான் வடை, பார்வைக்குப் பச்சை நிறப் பூரி. எடுத்த சூட்டில் மேலே இட்லிப்பொடி தூவித் தருவார்கள். ஆறினால் சவசவத்துப் போகும். அதனால் இவர் வண்டியை ஸ்டாண்டு போடுவதற்குள் நான் இறங்கி ஒன்று சொல்லிவிடுவேன்.

அப்புறம் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து, ஆட்டி, பிழிந்து எடுத்த பாலில் அரிசிமாவு கரைத்துவிட்டுக் காய்ச்சுவார்கள். கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலக்காய், தேங்காய்த் துருவல். வீட்டிலேயே செய்யலாமே என்கிறவர்கள் ஒரு தடவை அந்தக் கொட்டையை ஆட்டிப் பிழிந்து பார்க்கட்டும். அதற்குப் பிறகு தள்ளுவண்டிக்காரருக்குக் கொடுக்கும் காசு பெரிதாகத் தெரியாது. இதை மட்டும் நாங்கள் பங்கு போடுவதில்லை, ஆளுக்கொரு டம்ளர். அடியில் தங்கும் தேங்காய் யாருக்கு என்பதில் கல்யாணமான புதிதிலேயே தகராறு வந்துவிட்டது.

கறி தோசைக்குத்தான் தனி ஏற்பாடு. சிம்மக்கல் கோனார் மெஸ் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்களுக்கும் ஞாபகம் வருவது இந்தத் தோசைதான். கனமாக மாவை ஊற்றி, அதன்மேல் முட்டை, அதற்கும் மேல் வெந்த கொத்துக்கறி மசாலாவைப் பரப்பித் திருப்பிப் போடுவார்கள். ஒன்றே இரண்டு பேருக்குத் தாராளம். இதை நாங்கள் நடுவில் பிய்ப்பதில்லை. கறி கனமாக இருக்கும் நடுவட்டம் அவருக்கு, மொறுமொறு ஓரம் முழுக்க எனக்கு. நான் சுற்றிச் சுற்றிக் கிள்ளுவதைப் பார்த்த ஒரு சர்வர், "அக்கா, வெறும் ரோஸ்ட் ஒண்ணு தனியா தரட்டா?" என்று பாவமாகக் கேட்டார். வேண்டாம் என்றேன். கறியின் எண்ணெய் இறங்கிய ஓரம் வேறு, வெறும் ரோஸ்ட் வேறு.

கடைசியாக விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா, இரண்டு ஸ்பூன். பாதாம் பிசின், நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், மேலே ஐஸ்கிரீம். பிசின் அவருக்குப் பிடிக்காது, எனக்கு அதுதான் பிடிக்கும். பொருத்தம் பார்த்த ஜோசியர் இதையெல்லாம் சொல்லவே இல்லை.

உங்கள் ஊரில் இரண்டு பேராகப் போனால் என்ன சாப்பிடுவீர்கள்? கடைப் பட்டியல் வேண்டாம், நடந்ததை எழுதுங்கள்.

*

சென்னை

எங்களுடையது கூட்டுக் குடும்பம். வீட்டில் பெரியவர்கள், அண்ணன் பிள்ளைகள், எப்போதும் ஓடும் டிவி. நானும் மனைவியும் நாலு வார்த்தை பேச வேண்டுமானால் வெளியில்தான். இருவருக்கும் வேலை பாரிமுனைப் பக்கம் என்பதால், சாயங்காலம் கடற்கரை ஸ்டேஷனில் ரயிலைப் பிடிப்பதற்கு முன் பர்மா பஜார் அருகே அத்தோ கடை. ஒரு பிளேட்தான் வாங்குவோம். இரண்டு பிளேட் சாப்பிட்டால் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு இறங்காது, "ஏன் சாப்பிடல?" என்று அம்மா ஆரம்பித்துவிடுவார்.

அத்தோ தெரியாதவர்களுக்கு: மஞ்சள் நூடுல்ஸ், பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், மேலே பேஜோ என்கிற மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கிப் போட்டு, கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட சூப். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, பின்னர் கடைகளும் தொழில்களும் தேசியமயமானபோது, தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்தார்கள். அவர்களோடு வந்த சாப்பாடு இது. ரங்கூனில் சாப்பிட்டவர்கள் ருசி கொஞ்சம் மாறிவிட்டது என்பார்கள். மாறாமல் எப்படி இருக்கும்? காரம் நம் ஊர்க் காரம்.

என் மனைவிக்கு இதில் ஒரு முறை இருக்கிறது. முதல் இரண்டு வாய்க்குப் பேசக் கூடாது, பேஜோ நமத்துப்போவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். சூப் வந்த பிறகுதான் பேச்சு. மாதச் சீட்டு, பள்ளிக்கூட பீஸ், அவளுடைய அக்கா வீட்டு விசேஷம், வேறு வீடு பார்க்கலாமா என்ற பழைய கேள்வி, எல்லாம் அந்தச் சூப்புக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடிதான். கடைக்காரருக்கு எங்கள் கதை பாதி தெரியும் என்று நினைக்கிறேன். ஒரு நாள் பேச்சு கொஞ்சம் சூடாகிவிட்டது. அவர் எதுவும் கேட்காமல் இரண்டு கிண்ணத்திலும் இன்னொரு கரண்டி சூப் ஊற்றினார். பிறகு முட்டை ஒன்றை நடுவில் கீறி, பொரித்த வெங்காயத்தை அடைத்து, புளித்தண்ணீர் விட்டு நீட்டினார். அதை இரண்டாகப் பிரிக்கவே முடியாது, பிரித்தால் எல்லாம் கீழே கொட்டிவிடும். அவள் வாங்கிக்கொண்டாள்.

பூண்டு வாசனையை மட்டும் மறைக்க முடியவில்லை. அம்மா கண்டுபிடித்துவிட்டார். திட்டு விழும் என்று பார்த்தால், "எனக்கும் ஒரு பார்சல் கொண்டு வாங்களேன்" என்றார். பார்சல் வேலைக்கு ஆகாது, வீடு வருவதற்குள் களியாகிவிடும். இப்போது மாதத்தில் ஒரு நாள் அவரையும் கூட்டிப் போகிறோம். அன்றைக்குப் பேச்சு கிடையாது, சாப்பாடு மட்டும்.

*

சேலம்

எங்கள் ஊர் தட்டுவடை செட்டில் இந்தப் பாதிப் பாதி நடக்காது. இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி. முழுசாக வாய்க்குள் தள்ள வேண்டும், கடித்தால் பாதி சட்டையில். தட்டில் ஒற்றைப்படையில் வந்துவிட்டால் கடைசி ஒன்று யாருக்கு என்று இரண்டு பேரும் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் காத்திருப்போம். என் வீட்டுக்காரர் கண்டுபிடித்த தீர்வு, செட்டை விட்டுவிட்டு நொறுக்கல் வாங்குவது. எல்லாவற்றையும் உடைத்துக் கலந்து தருவார்கள், எண்ணிக்கைக் கணக்கே இல்லை.

*

விருதுநகர்

பங்கு போடுவதெல்லாம் எனக்கு ஒத்துவராது என்று பதிவு செய்கிறேன். எங்கள் ஊர் எண்ணெய்ப் பரோட்டா, கல்லில் எண்ணெயை நிறுத்திப் பொரித்தெடுப்பது. சுடச்சுட பிய்த்துப் போட்டு சால்னா ஊற்றினால் அது ஒரு ஆள் சமாச்சாரம். வீட்டம்மாவிடம் என்ன வேண்டும் என்று கேட்டால், "எனக்கு எதுவும் வேண்டாம், நீங்க சாப்பிடுங்க" என்பாள். தட்டு வந்ததும் "ஒரு வாய் மட்டும்" என்று ஆரம்பிப்பாள். அந்த ஒரு வாய் எப்போதும் நடுப்பகுதியில் இருந்துதான் போகும். வேண்டும் என்றால் முதலிலேயே சொல்லிவிட்டால் என்ன? இரண்டு செட்டாகச் சொல்லியிருப்பேனே.

*

ராஜபாளையம்

மேலே எழுதிய அண்ணாவுக்கு. உங்கள் வீட்டில் வேண்டாம் என்று சொல்வது ஆசை இல்லாமல் இருக்காது. நம் பக்கத்துப் பரோட்டாக் கடைகளில் ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்து சாப்பிடுகிற பெண்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்? எனக்குக் கல்யாணம் ஆகும்வரை பரோட்டா என்றால் பார்சல்தான். அப்பா வாங்கி வருவார். வாழையிலையில் மடித்துப் பேப்பர் சுற்றி, சால்னா தனியாக பிளாஸ்டிக் பையில் நூல் கட்டி. 2019இல் பிளாஸ்டிக் தடை வருவதற்கு முந்தைய காலம். வீடு வருவதற்குள் பரோட்டா வேர்த்துத் தொளதொளத்துப் போயிருக்கும். அதுதான் பரோட்டாவின் பக்குவம் என்றே நினைத்து வளர்ந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு இவர்தான், "கல்லுல இருந்து எடுத்த கையோட தின்னு பாரு, வேற மாதிரி இருக்கும்" என்று ஒரு கடைக்குக் கூட்டிப் போனார். உள்ளே முழுக்க ஆண்கள். நாங்கள் நுழைந்ததும் பேச்சுச் சத்தம் சட்டென்று இறங்கியது. சர்வர், "பேமிலி உள்ளே போங்க" என்று கையைக் காட்டினார். உள்ளே என்றால் சமையல்கட்டை ஒட்டி ஒரு பலகைத் தடுப்பு. ஃபேன் கிடையாது, ஓரத்தில் மைதா மூட்டை அடுக்கியிருந்தது. இவருக்கு முகம் மாறிவிட்டது, கிளம்பிவிடலாம் என்றார். எனக்குப் பசி, கோபமும்கூட. கல்லுக்கு எதிரில் காலியாக இருந்த மேசையில் போய் உட்கார்ந்துவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் பேச்சு பழையபடி ஏறிவிட்டது.

அந்த இடத்தில் உட்கார்ந்தால்தான் வேடிக்கையே. மாஸ்டர் மாவை வீசி வீசிக் கண்ணாடி போல ஆக்குவதும், வெந்த பரோட்டாக்களை அடுக்கி வைத்து இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டி இதழ் பிரிப்பதும், பக்கத்துக் கல்லில் கொத்துப் போடுகிறவர் இரண்டு தகடுகளால் தாளம் போடுவதும் அங்கிருந்து நன்றாகத் தெரியும். இவர் பரோட்டாவைச் சால்னாவில் ஊற விடுவார். நான் சால்னாவைத் தனியாக வைத்துத் தொட்டுக்கொள்வேன், மொறுமொறுப்பு போகக் கூடாது. ஊறியதைத்தான் வாழ்க்கை முழுக்கத் தின்றாயிற்றே.

இப்போதும் அதே கடைதான். எங்களைப் பார்த்ததும் மாஸ்டர், "ஒரு முட்டை கொத்து, ரெண்டு இலை!" என்று குரல் கொடுத்துவிடுவார். முன் மேசைகளில் வேறு ஜோடிகளையும் சில நாள் பார்க்கிறேன். ஆனால் தடுப்பு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, மூட்டைகளும். அண்ணா, அடுத்த தடவை "என்ன வேணும்?" என்று கேட்காமல் இரண்டு செட்டாகச் சொல்லிப் பாருங்கள்.

*

கோயம்புத்தூர்

நான் அசைவம், அவள் சைவம். கலக்கி, கரண்டி ஆம்லெட் பக்கமே வர மாட்டாள். இருவரும் ஒரே தட்டில் கை வைக்கக் கூடியது தள்ளுவண்டிக் காளான்தான். உண்மையில் அதில் காளானைவிட முட்டைக்கோஸ்தான் அதிகம். மாவில் பிரட்டிப் பொரித்து, மசாலாவில் கொதிக்கவிட்டு, பச்சை வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருவார்கள். காளானைத் தேடி எடுப்பது என் வேலை, மசாலாவை வழித்துத் தீர்ப்பது அவள் வேலை.

*

திருநெல்வேலி

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்றவர்கள். இருவருக்கும் சர்க்கரை. இளையவர்கள் ஆசைக்குப் பாதி போடுகிறீர்கள், நாங்கள் டாக்டர் சொல்லிப் போடுகிறோம். கல்யாணமாகி மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைச் சொதி என்று தேங்காய்ப்பாலில் செய்து, இஞ்சித் துவையலோடு பரிமாறினார்கள். அன்று என் கணவர் சாப்பிட்ட அளவை எங்கள் அத்தை ரொம்ப வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அதே மனிதர் சாயங்காலம் நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது, கீழரத வீதியில் இருட்டுக்கடை அல்வாவுக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்த்து நடையைக் குறைப்பார். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். மிகக் கொஞ்சமாக, சூடாக, இலைத்துண்டில். அவர் பாதிக்கு மேல் எடுக்காமல் இருக்க நான் முதலில் எடுத்துவிடுவேன். சம்பா கோதுமையில் பாலெடுத்து நெய்யில் கிண்டியது தொண்டையில் தானாக வழுக்கிக்கொண்டு போகும், நிறுத்தச் சொல்லி எங்கே நிறுத்துவது? அன்று இரவு இருவருக்கும் வெறும் கோதுமை ரவை உப்புமா.

*

மதுரை

எல்லாவற்றையும் படித்தேன். சேலத்து நொறுக்கலை இவரிடம் சொன்னேன், பஸ் நேரம் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். ஒன்றை வாங்கிப் பங்கு போடுகிறவர்கள் கூட்ட நேரத்தில் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். சின்னக் கடைக்காரருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் வியாபாரம். காலித் தட்டு ஒன்று கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை, எழுந்திருக்காமல் இருந்தால்தான் சுளிப்பார்கள்.

ராஜபாளையம் அக்கா, ஒரு சனிக்கிழமை உங்கள் வீட்டுக்காரரோடு இங்கே வாருங்கள். தெருவில் நின்றபடிதான் பாதிச் சாப்பாடு, இங்கே தடுப்பு வைக்க இடமே கிடையாது. ஏழு மணிக்கு முன்பே வந்துவிடுங்கள், முள்ளுமுருங்கை வடை சீக்கிரம் தீர்ந்துவிடும்.