இறாலே தொடாத பையனுக்கு உதடு வீங்கியது எப்படி?

கேள்வி: ஒக்கலாப்பா அம்மா

எல்லாருக்கும் வணக்கம். பர்மாவில் யாங்கூன், தென் ஒக்கலாப்பாவிலிருந்து எழுதுகிறேன். என் மூத்தவனுக்கு 8 வயது. மூன்று வயதில் ஒரு தடவை இறால் குழம்பு சாப்பிட்டுக் காணாக்கடி மாதிரி உடம்பெல்லாம் தடித்துப்போனது. அன்றோடு வீட்டுக்குள் இறால் வருவதில்லை. ஐந்து வருடம் ஒரு தொந்தரவும் இல்லை.

போன ஞாயிறு சாயங்காலம் தெருமுனைக் கடையில் சுரைக்காய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு துண்டுதான் தின்றிருப்பான், காதைத் தேய்க்க ஆரம்பித்தான். பிறகு மேலுதடு தேனீ கொட்டின மாதிரி உப்பிவிட்டது. "அம்மா, தொண்டைக்குள்ள முடி மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு" என்றான். அந்தச் சொல் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. உடனே வாந்தி எடுத்தான். பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தடிப்புக்கு ஓர் ஊசி போட்டார்கள், அரை மணி நேரத்தில் வீக்கம் வடிந்தது, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடியும் தடிப்பு, கூடவே இருமல். விடியும்வரை அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவன் தின்றது சுரைக்காய். இறால் இல்லை. அப்புறம் எப்படி?

மாமியார் அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கும் படத்தைக் காட்டுகிறார். எதோடு எது சேரக்கூடாது என்று பர்மியர் வீடுகளில் தொங்குமே, அந்தப் படம்தான். எதையோ எதோடோ சேர்த்துத் தின்றதால்தான் என்கிறார். கத்தரிக்காய், கருவாடு, முட்டை, பால் எல்லாம் கரப்பான் பண்டம் என்று நிறுத்தியாகிவிட்டது. பிள்ளை ஒரு வாரமாக ரசம் சாதத்தில் இருக்கிறான், கன்னம் ஒட்டிவிட்டது.

இன்னும் இரண்டு விஷயம். மாமனாருக்கு டீ குடித்தால் வயிறு உப்பி, கடமுடவென்று சத்தம் போட்டு, பேதி ஆகிறது. அதுவும் இதுவும் ஒரே வியாதியா, பரம்பரையா? சின்னவளுக்கு இப்போது 6 மாதம். அவளுக்கு நிலக்கடலை, முட்டை எல்லாம் எப்போது கொடுப்பது? பயமாக இருக்கிறது.

---

பதில்: பெகு அக்கா

தங்கச்சி, உன் எழுத்தைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. என் மகளுக்கும் இறால்தான். இப்போது அவளுக்கு 19 வயது. நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன்: சுரைக்காயில் ஒன்றும் இல்லை, எண்ணெயில் இருக்கிறது.

ஒரு நாள் அந்தக் கடை ஓரமாக நின்று பார். ஒரே இருப்புச்சட்டி. சுரைக்காய், வெங்காயம், பருப்பு வடை, இறால் பஜ்ஜி எல்லாம் அதில்தான் விழும். இறாலை அள்ளின அதே கரண்டி சுரைக்காயை அள்ளும். அடியில் கிடக்கும் கறுத்த துகளில் இறால் மீசையும் ஓடும் இருக்கும், அது சுரைக்காய்த் துண்டின் மேல் ஒட்டிக்கொண்டு வரும். "எண்ணெய் கொதிக்கிறதே, சூட்டில் போய்விடாதா" என்று நானும் நினைத்தேன். இறாலில் உள்ள அந்தப் புரதம் கொதித்தாலும் வறுத்தாலும் சாகாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் விளங்கியது. காயவைத்தாலும் அப்படித்தான்.

காய்ந்த இறால்தான் இந்த நாட்டில் நமக்குப் பெரிய எதிரி. முழு இறால் தட்டில் கிடந்தால் குழந்தைக்கே தெரியும், ஒதுக்கிவிடும். பொடியை எங்கே பார்ப்பது? கௌசுவே அத்தோவில், அதான் நூடுல்ஸ் கலவையில், கடலை மாவோடு சேர்த்துத் தூவுவார்கள். லப்பே அத்தோ என்கிற ஊறவைத்த தேயிலைக் கலவையில் பூண்டு, எள், நிலக்கடலை நடுவில் சிவப்பாகத் தெரிவது அதுதான். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பலாச்சாங்கில் பாதிக்கு மேல் அதுதான். மொய்ங்கா நூடுல்ஸுக்கு ஊற்றுவது கெளுத்தி மீனில் வைத்த சாறு, அதனால் பரவாயில்லை என்று நம்பிவிடாதே, ருசிக்கு ஙாப்பி என்கிற புளித்த விழுதைக் கரைப்பவர்கள் உண்டு. ஙாப்பியில் மீனில் செய்ததும் உண்டு, சின்ன இறாலில் செய்ததும் உண்டு. எது என்று கேட்காமல் வாயில் வைக்கக் கூடாது. கீரைக் கறியில்கூட ஒரு பிடி காய்ந்த இறாலைத் தட்டிப் போடுகிற வழக்கம் இங்கே உண்டே, நாமே அப்படிச் செய்தவர்கள்தானே.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கல்யாண வீட்டில் மகளுக்கு வெறும் சோறும் பருப்பும்தான் வைத்தேன். பக்கத்து இலைக்குப் பலாச்சாங் போட்ட கரண்டியை அந்த அம்மா அப்படியே பருப்பு வாளியில் விட்டிருக்கிறார். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது, பாசமாகப் பரிமாறின கை. பத்து நிமிடத்தில் பிள்ளைக்குக் கண் இமை மூடிக்கொண்டது. அதிலிருந்து பந்தியில் அவளுக்கு முதல் ஆளாகப் போட்டுவிடச் சொல்லிக் கேட்டுக்கொள்வேன், கரண்டிகள் கலப்பதற்கு முன்னால். யாரும் முகம் சுளித்ததில்லை.

பர்மியர் கடையில் "இறால் பிடிக்காது" என்று சொன்னால் கொஞ்சமாகப் போடுவார்கள். "தாத் மதெ பூ" என்று சொல். அது அவர்களுக்கு உடனே புரியும். தாத் என்பது நம்முடைய தாதுதான், பாலி மொழி வழியாக அங்கே போனது. தாது ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். என் மகள் பத்து வயதிலேயே அதைத் தானே சொல்லப் பழகிவிட்டாள்.

மாமியாரிடம் சண்டை போடாதே. கரப்பான் என்று நம் பெரியவர்கள் சொன்ன பட்டியலில் கருவாடும் இறாலும் இருப்பது சும்மா இல்லை, அரிப்பைப் பார்த்துப் பார்த்துத்தான் சொன்னார்கள். ஆனால் ஒருவருக்கு ஆகாததை எல்லாருக்கும் ஆகாது என்று வைத்துவிட்டார்கள். உன் பிள்ளை இதுவரை முட்டையும் பாலும் சாப்பிட்டு நன்றாக இருந்தான் என்றால் இன்றைக்கே திரும்பக் கொடு. வளருகிற பிள்ளை.

---

பதில்: மோல்மேன் நர்ஸ்

30 வருடம் வார்டில் இருந்தவள், இப்போது ஓய்வு. பெகு அக்கா சொன்னது அத்தனையும் சரி. எனக்கு உறுத்துவது அந்த ராத்திரி இரண்டு மணிதான்.

தடிப்பு மட்டும் என்றால் செட்ரிசின் போன்ற மாத்திரை போதும். உதடு வீங்கி, தொண்டை அடைத்து, வாந்தியும் வந்தால் அது வெறும் தடிப்பு இல்லை. தோல், மூச்சு, வயிறு, ரத்த ஓட்டம் இந்த நாலில் இரண்டு ஒரே நேரத்தில் கெட்டாலே ஆபத்துக் கட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மருந்து ஒன்றுதான்: அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கத்து நடுச் சதையில் போடுவது. தடிப்பு ஊசியும் ஸ்டீராய்டும் அதற்குத் துணை, பதில் இல்லை. போட்ட பிறகும் சில மணி நேரம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அடங்கினது மாதிரி இருந்து இரண்டாம் அலை வரலாம். உங்கள் பையனுக்கு வந்தது அதுவாக இருக்கலாம். அடுத்த தடவை "அட்ரினலின் போட வேண்டுமா" என்று வாயைத் திறந்து கேளுங்கள். குழந்தையின் எடையைச் சொல்லி, அளவு என்ன என்பதை இப்போதே டாக்டரிடம் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் ஊசி வைத்துக்கொள்ள முடியுமா, உங்களுக்குப் போடக் கற்றுத்தர முடியுமா என்றும் கேளுங்கள். அந்த நேரத்தில் பிள்ளையை நடக்கவிடாதீர்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் உட்காரவையுங்கள். ஆஸ்துமா இருந்தால் இன்னும் கவனம். இருமினான் என்றீர்களே, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பரிசோதனை பற்றி. தோலில் லேசாகக் குத்திப் பார்ப்பது ஒன்று, ரத்தத்தில் ஐஜிஇ என்ற அலர்ஜி எதிர்ப்புப் புரதத்தைப் பார்ப்பது ஒன்று. தோல் பரிசோதனைக்குச் சில நாள் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டும், டாக்டர் சொல்வார். இன்னொன்று: சோதனையில் பாசிட்டிவ் வந்தால் மட்டும் அலர்ஜி ஆகிவிடாது. சாப்பிட்டு ஒன்றும் ஆகாத சாமானை அந்தக் காகிதத்தை நம்பி நிறுத்தாதீர்கள். ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் புரதத்தைச் சொல்லி நூறு சாப்பாட்டுக்குப் பட்டியல் கொடுக்கும் சோதனைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அந்தப் பொருளை உடம்பு கண்டிருக்கிறது என்பதைத்தான் அது காட்டும், ஆகாது என்பதை அல்ல.

இறால் ஆகாதவருக்கு நண்டும் சிங்கி இறாலும் பெரும்பாலும் ஆகாது. புரதம் ஒன்றே, டிரோபோமையோசின் என்று பெயர். கரப்பான் பூச்சியிலும் வீட்டுத் தூசியில் இருக்கும் நுண்பூச்சியிலும் அதே ஜாதிப் புரதம் இருக்கிறது. மீனின் புரதம் வேறு, மீன் ஒத்துக்கொண்டால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் சந்தையில் இறாலோடு ஒரே பலகையில் வெட்டின மீன் வேண்டாம். பால், முட்டை அலர்ஜி பல குழந்தைகளுக்கு வளர வளரப் போய்விடும். இறால் அப்படி எளிதில் போவதில்லை.

சின்னவளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். முன்பு நாங்களே ஒரு வயது, மூன்று வயது என்று சொல்லி அனுப்பினோம், அது தவறு என்று தெரிந்துவிட்டது. 2015-இல் லண்டனில் 640 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு வந்தது. கடும் தோல் கரப்பான் அல்லது முட்டை அலர்ஜி இருந்த குழந்தைகள் அவர்கள். 4 முதல் 11 மாதத்துக்குள் ஆரம்பித்து நிலக்கடலையைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்கு, ஐந்து வயதில் கடலை அலர்ஜி 81 சதவீதம் குறைவாக இருந்தது. முழுக்கடலை கூடவே கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். வறுத்து நைசாக அரைத்துக் கஞ்சியில் கரைத்துக் கொடுங்கள். பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, துளியில் ஆரம்பியுங்கள். குழந்தைக்குத் தோலில் கடுமையான சொறி இருந்தால் மட்டும் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

---

பதில்: மண்டலே டீக்கடை மாமா

மகளே, உன் மாமனார் கதை என் கதை. அது அலர்ஜி இல்லை.

எனக்கு 58 வயது. வாழ்க்கை முழுக்க டீக்கடைதான். காலையில் இரண்டு, மத்தியானம் ஒன்று, ராத்திரி கணக்கு முடிக்கும்போது ஒன்று. நம் ஊர் டீயில் தகரப்பால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், நானே ஊற்றுகிறேன். கோப்பையின் அடியில் இரண்டு விரல்கடை கெட்டிப்பால், மேலே ஆவிப்பால். இரண்டுமே சுண்டக் காய்ச்சின பால்தானே. பாலில் உள்ள சர்க்கரையும் சேர்ந்து சுண்டித்தான் இருக்கும். அந்தச் சர்க்கரையை, லாக்டோஸ் என்பார்கள், செரிக்கும் நொதி குழந்தையில் நிறைய இருந்து வயது ஏற ஏற நம்மில் பலருக்குக் குறைந்துவிடுகிறது. செரிக்காதது பெருங்குடலுக்குப் போய் அங்கே புளித்துக் காற்றாகிறது. உப்புசம், சத்தம், பேதி எல்லாம் அதுதான். உதடு வீங்காது, உயிருக்குப் பயமில்லை.

நான் ஒரு நோட்டில் எழுதினேன். என்ன குடித்தேன், எத்தனை மணிக்கு, வயிறு எப்போது கத்தியது. இரண்டு வாரம் பால் டீயை நிறுத்திவிட்டு மேசையில் சும்மா வைத்திருக்கும் வெறும் டீயைக் குடித்தேன். வயிறு அடங்கியது. அப்புறம் ஒரு கோப்பை ஆரம்பித்தேன், ஒன்றும் ஆகவில்லை. இரண்டு குடித்தேன், பரவாயில்லை. மூன்றாவதில் வந்துவிட்டது. ஆக எனக்கு எல்லை இரண்டு கோப்பை, அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. தயிர் ஒத்துக்கொள்கிறது, உறை ஊற்றும்போதே பாதி வேலை நடந்துவிடுகிறது. உன் பையனுக்கு இறால் ஒரு துளிகூட ஆகாது. எங்களுக்கு அளவு தெரிந்தால் போதும்.

ஒன்று மட்டும்: எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ பால் என்று நினைத்து உட்கார்ந்திருக்க வேண்டாம், டாக்டரிடம் கூட்டிப் போ.

---

பதில்: ஒக்கலாப்பா அம்மா

அக்கா, நர்ஸம்மா, மாமா மூன்று பேருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் அந்தக் கடையில் போய் நின்றேன். ஒரே சட்டிதான், ஒரே கரண்டிதான். நடந்ததைச் சொன்னேன். கடைக்கார அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், அவருக்கே கண் கலங்கிவிட்டது. காலையில் புது எண்ணெய் ஊற்றினதும், இறால் விழுவதற்கு முன்னால், பையனுக்கு முதலில் பொரித்துத் தருகிறேன் என்றார். ஆனால் சட்டியும் கரண்டியும் அதேதான், மாவுப் பாத்திரமும் ஒன்றுதான். அதனால் நானே சுரைக்காய் வாங்கி வந்து வீட்டில் பொரித்தேன், புளித்தண்ணீரில் பூண்டும் மிளகாயும் தட்டிப் போட்டு. ஆறு துண்டு தின்றான். முட்டையும் இன்று காலையில் கொடுத்துவிட்டேன், மாமியார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

நர்ஸம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். டாக்டர் எழுதித் தரும் அளவுத் தாளைப் பள்ளிக்கூட டீச்சரிடமும் ஒன்று கொடுத்து வைக்கலாமா? அவன் எடை இப்போது 23 கிலோ. வளர வளர எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை மாற்றி எழுதி வாங்க வேண்டும்?