ஒன்செர்னோனே பள்ளத்தாக்கின் வைக்கோல் பின்னல்: சில ஐயங்கள்

தாழைமடல்:
சுவிட்சர்லாந்தின் தெற்கே, இத்தாலிய மொழி வழங்கும் திச்சினோ மாநிலத்திலுள்ள ஒன்செர்னோனே பள்ளத்தாக்கில், மக்கள் பல தலைமுறைகளாக வைக்கோல் பின்னிப் பிழைத்தார்கள் என்று படித்தேன். அவர்கள் ரை தானியத்தின் தாளைத் தேர்ந்தது ஏன்? வெறும் தாள் எவ்வாறு தொப்பியாகிறது? அவ்வளவு வேரூன்றிய தொழில் எதனால் நசிந்தது? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஊசிநூல்:
அம்மா, சத்துக் குறைந்த மலைச்சரிவிலும் குளிரிலும் ரை விளையும். அதன் தாள் நீளமாகவும் மெல்லியதாகவும், நனைத்தால் ஒடியாமல் வளைவதாகவும் இருக்கும். கணுக்களை வெட்டி நீக்கி, இடைப்பட்ட தண்டைப் பருமன் வாரியாகப் பிரித்து, ஈரம் காயாமல் வைத்துக்கொண்டு பின்னுவார்கள். ஒரு தாள் தீரும் தறுவாயில் அடுத்ததைச் செருகிக்கொண்டே போக வேண்டும். எல்லாத் தாள்களும் ஒரே இடத்தில் தீர்ந்தால் பின்னிய பட்டை அங்கே இற்றுவிடும் என்பதால், இணைப்புகள் வெவ்வேறு இடங்களில் விழுமாறு பார்த்துக்கொள்வதில்தான் கைத்திறன் இருக்கிறது. துருத்தி நிற்கும் முனைகளைக் கத்தரித்தபின், அந்தப் பட்டையை உச்சியிலிருந்து சுருளாகச் சுற்றித் தைத்துக்கொண்டே வந்தால் தொப்பி உருவாகும்.

படித்துறை:
மேலே சொன்ன கைத்திறன் பெரும்பாலும் பெண்களுடையது, சிறுவர் சிறுமியருடையது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதுகில் கூடையைச் சுமந்து மலைப்பாதையில் ஏறும்போதுகூட அவர்களுடைய விரல்கள் பின்னிக்கொண்டே இருந்தன. ஆண்கள் சரக்கை எடுத்துக்கொண்டு இத்தாலிக்கும் பிரான்சுக்கும் விற்கச் சென்றார்கள். இந்த உழைப்பை "ஓய்வுநேர வேலை" என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பல குடும்பங்களுக்குக் காசு வந்த வழியே இதுதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனாவிலிருந்தும் சப்பானிலிருந்தும் மலிவான பின்னல் பட்டைகள் ஐரோப்பியச் சந்தைகளில் வந்து குவிந்தபோது, அந்தப் பள்ளத்தாக்கின் கைவேலைக்குக் கட்டுபடியாகும் விலை கிடைக்கவில்லை. பிழைப்புத் தேடி ஊரைவிட்டு வெளியேறியோர் பலர்.

ஊசிநூல்:
உண்மை. இன்று அப்பள்ளத்தாக்கின் லோகோ என்னும் ஊரிலுள்ள அருங்காட்சியகம் இத்தொழிலின் வரலாற்றைப் பேணுகிறது. அங்கேயே பெர்சோனா என்னும் ஊரில் பாலியார்த்தே என்ற சங்கத்தார் மீண்டும் தொப்பிகளும் பைகளும் செய்கிறார்கள்.

தாழைமடல்:
இப்போதும் பின்னலுக்கேற்ற தாள் எளிதில் கிடைக்கிறதா?

ஊசிநூல்:
எந்த வயலிலிருந்தும் எடுத்துவிட முடியாது. அறுவடை இயந்திரம் தாளை நசுக்கிவிடும். புதிய ரகங்களில் பலவற்றுக்குத் தண்டும் குட்டை. உயரமாக வளரும் ரகத்தை விதைத்து, அரிவாளால் அறுத்து, தாள் மடங்காமல் கட்டுக்கட்டாக உலர்த்தினால்தான் பின்னலுக்கு உதவும்.