விண்டோஸ் 11 + உபுண்டு: டூயல் பூட்டா, விர்ச்சுவல்பாக்ஸா?

அம்பைக்காரன்:
ஐ5 எட்டாம் தலைமுறை லேப்டாப், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, சி டிரைவ்ல 120 ஜிபி காலி. கடையில பகல் பூரா விண்டோஸ்ல டேலி கணக்கு, ராத்திரி பைத்தான் புரோகிராமிங் படிக்க உபுண்டு 24.04 லினக்ஸ். விண்டோஸுக்குள்ளயே உபுண்டுவை ஓட்டுற விர்ச்சுவல்பாக்ஸ்ல 4 ஜிபி ரேம், 2 கோர் கொடுத்தும் மவுஸை அசைச்சாலே இழுக்கு. கீழ ஓரத்துல பச்சை ஆமை ஒண்ணு நிக்கி. இதைத் தூக்கிட்டு, ஆன் பண்ணும்போது ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்குற டூயல் பூட் போட்டுரலாமா?

வண்ணார்பேட்டை86:
ஆமைதான் வில்லங்கம் அண்ணாச்சி. விண்டோஸோட சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி முந்திக்கிட்டு பிராசசரைப் பிடிச்சிருக்கு, விர்ச்சுவல்பாக்ஸ் அதுக்கு மேல ஏறி ஓடுது. விண்டோஸ் செக்யூரிட்டி, டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் போய் மெமரி இன்டெக்ரிட்டியை ஆஃப் பண்ணுங்க. பாதுகாப்பு கொஞ்சம் குறையும், தெரிஞ்சே பண்ணுங்க. விண்டோஸ் ஃபீச்சர்ஸ்ல ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூணுக்கும் டிக் எடுத்துட்டு ரீஸ்டார்ட். ஆமை போய் 'வி' வந்தா ஜோலி முடிஞ்சுது.

பாளை லினக்ஸ்:
ஆமை போனாலும் ரேம் 8 தானே. விண்டோஸ் 11 சும்மா கெடந்தாலே 3 ஜிபிக்கு மேல திங்கும். ரெண்டும் ஒரே நேரத்துல வேண்டாம்னா டூயல் பூட்தான் என் ஓட்டு.

முதல்ல டேலி டேட்டாவை பென்டிரைவ்ல எடுங்க. டிஸ்க்கைப் பூட்டி வைக்குற பிட்லாக்கர் ஓடுதான்னு பாருங்க. ஓடினா 48 இலக்க ரெக்கவரி கீயை எழுதி வச்சுட்டு, ஆஃப் பண்ணி டிக்ரிப்ட் (பூட்டு அவிழ்றது) முடியட்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்துங்க, இல்லன்னா உபுண்டுல சி டிரைவ்ல எதையும் எழுத முடியாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல சி டிரைவைச் சுருக்கி உபுண்டுக்கு 60 ஜிபி ஒதுக்குங்க. இதையெல்லாம் மாசாந்திர மின்தடை அன்னைக்கு வச்சுக்காதீங்க.

உபுண்டு இன்ஸ்டாலர்ல எஸ்எஸ்டியே தெரியலன்னா பயாஸ்ல (லேப்டாப்போட அடிப்படை செட்டிங்) ஸ்டோரேஜ் இன்டெல் ஆர்எஸ்டிங்கிற மோடுல இருக்கும். உபுண்டுக்குத் தெரியுற ஏஹெச்சிஐ மோடுக்கு நேரா மாத்தினா விண்டோஸ் நீலத்திரையில நிக்கும். முதல்ல எம்எஸ்கான்ஃபிக்ல சேஃப் பூட் டிக் போட்டு, பயாஸை மாத்தி, ஒரு தடவை சேஃப் மோடுல ஏறிட்டு டிக்கை எடுங்க.

உபுண்டு போட்டபிறகு விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால போகும். ஹார்டுவேர் கடிகாரத்தை லோக்கல் டைம்ல வைக்க உபுண்டுகிட்ட சொல்லிட்டா சரியாயிரும்.

அம்பைக்காரன்:
பில் போடும்போதே ஒரு ஸ்கிரிப்ட் ஓடணும்னா?

வண்ணார்பேட்டை86:
டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கம் ஸ்லாட் 1/2-ன்னு காட்டினா இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 லேப்டாப் ரேம் போடுங்க, விர்ச்சுவல்பாக்ஸே போதும்.

பாளை லினக்ஸ்:
வெறும் பைத்தான்னா ரெண்டுமே எதுக்கு? விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டுற மைக்ரோசாஃப்டோட டபிள்யூஎஸ்எல் போதும். ஆனா அதுக்கு விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் டிக் திரும்ப வேணும், ஆமையும் கூடவே வந்துரும். டபிள்யூஎஸ்எல்லைச் சும்மா விட்டா பாதி ரேம் வரைக்கும் எடுக்கும். அதோட கான்ஃபிக் ஃபைல்ல 3 ஜிபின்னு கட்டி வையுங்க.