புதுப்பிப்பு: அப்பாவுக்கு டான்ஷென் (ரத்தத்த ஓட வைக்கச் சீன வைத்தியத்துல குடுக்குற வேர்) குடுக்கலாமானு கேட்டிருந்தேனே

முன்னாடி கேட்டது இதான்: ஹார்ட் வால்வு மாத்துன அப்பா வார்ஃபரின் (ரத்தம் உறையாம இருக்க குடுக்குற மாத்திரை) சாப்பிடுறாரு, கால் மரத்துப் போகுதுன்னு சொன்னதுக்கு இங்க சிங்கப்பூர்ல பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி டான்ஷென் கஷாயம் போடச் சொன்னாங்க, குடுக்கலாமா?

குடுக்கல. பதிவு பண்ண சீன வைத்தியர்கிட்டயே கூட்டிட்டுப் போனோம், வார்ஃபரின்னு காதுல விழுந்ததுமே மருந்து எழுத மாட்டேன்னுட்டாரு. டான்ஷென் சேந்தா ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டுற அளவு) ஏறி ரத்தக்கசிவு வரலாமாம், டாங்குய் வேரும் அதே கதைதான். ஹார்ட் டாக்டரும் அதையே சொல்லி, மரப்புக்கு சுகர் டெஸ்ட்டும் நரம்பு டெஸ்ட்டும் எழுதியிருக்காரு.

ஆனா அந்த வைத்தியர் பேசுனது செம இன்ட்ரஸ்டிங். ரத்தம் தேங்குதுன்னா குளிர்ச்சியாலயா, 'சீ'ங்கிற உயிர்சக்தி கொறஞ்சா, அடிபட்டானு பாத்துதான் மருந்தாம், ஒத்த வேர வேகவச்சு குடிக்கிறதெல்லாம் வைத்தியமே இல்லங்கிறாரு. 1830ல வாங் சிங்ரென்ங்கிற சீன வைத்தியர் எழுதி வச்ச ஷுவேஃபூ ஜூயூ கஷாயத்துல டாங்குய், சுவான்ஷியோங், குசும்பாப்பூ, பீச் கொட்டைப் பருப்புன்னு மொத்தம் 11 சரக்கு. சீனாவுல யுன்னான்ல வெளையுற சான்சிங்கிற வேர் இன்னும் விசித்திரம், ரத்தப்போக்க நிறுத்தவும் அதான், ரத்தத்த ஓட வைக்கவும் அதான், எப்படின்னு கேட்டேன், சிரிச்சிட்டாரு.

குசும்பாப்பூ டீ பத்தி கேட்ட நண்பா, உங்க வீட்டுல மாசமா இருக்காங்கன்னா அது கண்டிப்பா வேணாம், கர்ப்பப்பைய சுருங்க வைக்கும்.