பின்பக்கம் மீன்கோடு: போடி வகைக் காசா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். தாத்தாவின் மரப்பெட்டியில் கிடைத்த ஒரு வெள்ளி முத்திரைக் காசை (தகட்டில் சின்னங்களைக் குத்திய பழங்காசு) அடையாளம் காண உதவி வேண்டும்.

எடை 1.6 கிராம். முன்பக்கம் ஐந்து முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. சூரியன் தெளிவு, ஆறுகைச் சின்னம் அரைகுறை, மற்றவை புரியவில்லை. பின்பக்கம் ஒரே முத்திரைதான். கோட்டுருவ மீன் போலிருக்கிறது. போடிநாயக்கனூர் புதையல் காசுகளில் இப்படி மீன் உண்டு, பாண்டியர் வெளியீடு என்பார்கள். வடக்கே புழங்கிய கார்ஷாபணம் என்ற வெள்ளி முத்திரைக் காசு 32 ரத்தி (குன்றிமணி எடை), சுமார் 3.4 கிராம். இது அதில் பாதிகூட இல்லை. அதுதான் குழப்பம்.

போலிக் காசாக இருக்குமோ என்ற பயமும் இருக்கிறது. தகட்டை வெட்டி, எடை சரிசெய்ய மூலையைக் கத்தரித்த தடம் தெரிகிறது. அச்சில் ஊற்றிச் செய்த போலியில் தெரியும் வார்ப்புக் கோடு விளிம்பில் இல்லை. அசல் என்று சொல்ல இது மட்டும் போதுமா?

கரும்பச்சைப் படிவை இன்னும் தொடவில்லை. புளி போட்டுத் தேய்க்கச் சொன்ன மாமாவிடமிருந்து காசைப் பிடுங்கி வைத்திருக்கிறேன்! விற்கும் எண்ணம் இல்லை. போடி வகைக் காசை நேரில் கையாண்டவர்கள் இருந்தால், அதன் எடையையும் பின்பக்கப் படத்தையும் பகிருங்கள். என் படங்கள் கருத்துப் பகுதியில்.